காத்மாண்டு மவுண்டன் ஃபிளைட்: எவரெஸ்டுக்காக ஏறுங்கள், மற்ற சிகரங்களையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த பணத்துக்குத் தகுந்தது. ஆனால் மூன்று விஷயம் கூடிவர வேண்டும்: தெளிவான மாதம், காலையின் முதல் விமானம், மறைப்பில்லாத ஜன்னல். இதில் ஒன்று பிசகினாலும் பாதி அனுபவம் போய்விடும். நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதை எந்த விமான நிறுவனமும் சொல்வதில்லை. எந்தச் சிகரம் எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

முக்திநாத் யாத்திரைக்கும் பசுபதிநாதர் தரிசனத்துக்கும் போகிற நம் ஊர்க்காரர்களிடம் டூர் நடத்துபவர்கள் காத்மாண்டில் ஒரு நாள் மாலை வந்து, "நாளைக்கு மவுண்டன் ஃபிளைட் போறவங்க கை தூக்குங்க" என்று கேட்பார்கள். பத்து பேர் தூக்குவார்கள், முப்பது பேர் "ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவா?" என்று யோசித்து விட்டுவிடுவார்கள். திரிபுவன் விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்தில் அதிகாலையில் கிளம்பி, இமயத்தை ஒட்டியே கிழக்கே போய், எவரெஸ்ட் பக்கம் திரும்பி, சுமார் ஒரு மணி நேரத்தில் அதே ஓடுபாதையில் கொண்டுவந்து விடுகிறார்கள். வேறெங்கும் இறங்குவதில்லை. மலையைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. மற்ற வெளிநாட்டவர்களுக்குச் சுமார் 200 டாலர். இந்தியர்களுக்குத் தனிக் கட்டணம், அதைவிடக் குறைவு, ஆனாலும் இந்திய ரூபாயில் பத்தாயிரத்துக்கு மேல்தான். விலை பருவத்துக்குப் பருவம் மாறும்.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்றால், உலகத்தின் முதல் ஆறு உயரமான சிகரங்களில் ஐந்து. விடுபடுவது இரண்டாவது இடத்தில் இருக்கும் கே 2 மட்டும். அது காரகோரம் மலைத்தொடரில், பாகிஸ்தான் சீன எல்லையில் இருக்கிறது, இமயத்தில் இல்லை. இமயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் எவரெஸ்ட் 8848.86 மீட்டர், காஞ்சன்ஜங்கா 8586, லோட்சே 8516, மக்காலு 8485, சோ ஓயு 8188. முதல் ஐந்தும் இதே வரிசையில்தான். இந்த ஐந்தையும் ஒரே மணி நேரத்தில், ஒரே ஜன்னலிலிருந்து பார்ப்பதற்கு உலகத்தில் எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. காஞ்சன்ஜங்கா மட்டும் கிழக்குக் கோடியில், நேபாள சிக்கிம் எல்லையில் இருப்பதால் தூரத்தில்தான் தெரியும், அதுவும் வானம் கழுவி விட்டதுபோல் இருந்தால். இதைத் தெரிந்துகொண்டு ஏறியவர்கள் எங்கள் விமானத்தில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நிறுவனத்தின் விளம்பரத்திலும் சரி, விமானத்துக்குள் செய்த அறிவிப்பிலும் சரி, எவரெஸ்ட் எவரெஸ்ட் என்று ஒரே பெயர்தான்.

சரி, வரிசைக்கு வருகிறேன். கிழக்கே போகும்போது மலை இடது பக்கம் வரும். கிளம்பி ஏறும்போதே முதலில் கண்ணில் படுகிற பெரிய மலை லாங்டாங் லிருங், 7227 மீட்டர். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் இதன் சரிவிலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து விழுந்துதான் கீழே லாங்டாங் கிராமம் அப்படியே புதைந்துபோனது. அதைத் தாண்டி வடக்கே, கொஞ்சம் உள்ளே தள்ளி ஷிஷாபங்மா, 8027 மீட்டர். 8000 மீட்டரைத் தாண்டிய பதினான்கு சிகரங்களில் கடைசி இடம். முழுக்கத் திபெத்துக்குள் இருப்பதால் வெளிநாட்டவர்கள் நெருங்க முடியாமல் 1964 வரை யாரும் ஏறாமல் இருந்தது; அந்த வருடம் சீனக் குழு ஏறியது. முன்னால் நிற்கும் தோர்ஜே லக்பா 6966 மீட்டர்தான், ஆனால் பக்கத்தில் இருப்பதால் அதுதான் பெரிதாகத் தெரியும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பக்கத்தில் இருக்கிற சின்ன மலை பெரிதாகவும், தூரத்தில் இருக்கிற பெரிய மலை சின்னதாகவும் தெரிவது இந்தப் பயணம் முழுக்க நடக்கும்.

அடுத்து கௌரிசங்கர். 7134 மீட்டர்தான், உயரப் பட்டியலில் எங்கோ பின்னால், ஆனால் என்னைக் கேட்டால் இந்த வரிசையில் எவரெஸ்டுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது இதுதான். இரட்டை உச்சி. உயரமான வடக்கு உச்சி சங்கரன், தெற்கே சற்றுத் தாழ்ந்தது கௌரி. அம்மையும் அப்பனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், நம்மவர்கள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் "எவரெஸ்ட் எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. காத்மாண்டுக்கு வடகிழக்கே, கூட்டத்திலிருந்து விலகித் தனியாக நிற்பதால் ஒரு காலத்தில் ஐரோப்பியர்கள் இதையே எவரெஸ்ட் என்று வரைபடங்களில் குழப்பிப் போட்டிருந்தார்கள். உச்சியை மனிதர்கள் தொட்டது 1979-ல், எவரெஸ்டுக்கு இருபத்தாறு வருடம் கழித்து. அவ்வளவு செங்குத்து. இன்னொன்று, நேபாளத்தின் கடிகாரமே இந்த மலையின் தீர்க்கரேகையை வைத்துத்தான் ஓடுகிறது. அதனால்தான் இந்திய நேரத்தைவிடப் பதினைந்து நிமிடம் முன்னால் இருக்கிறது. போனில் நேரம் தானாக மாறாமல் இந்திய நேரமே இருந்தால் காலை விமானத்துக்குத் தாமதமாகிவிடும், முந்தின இரவே சரிபாருங்கள்.

கௌரிசங்கருக்குப் பின்னால் திபெத்துக்குள் மெலுங்ட்சே, தட்டையான நீண்ட தலையோடு. அதைத் தாண்டினால் கொஞ்ச நேரம் 6000 மீட்டர் மலைகளாக வரும். தண்ணீர் குடிக்க, கேமராவைத் துடைக்க, பக்கத்தில் இருப்பவருக்கு ஜன்னலைக் காட்ட இதுதான் நேரம்.

அப்புறம் சோ ஓயு வரும். உலகின் ஆறாவது உயரம், பெரிய அகன்ற வெள்ளை மலை, கூர்மையே கிடையாது. 1954-ல் ஆஸ்திரியர்கள் இரண்டு பேரும் பாசாங் தாவா லாமா என்ற ஷெர்பாவும் ஏறினார்கள், அந்தக் காலத்துக்கு மிகவும் சின்னக் குழு. இதன் மேற்குப் பக்கத்தில் இருக்கும் நாங்பா லா கணவாய் வழியாகத்தான் ஷெர்பாக்கள் திபெத்துக்கும் நேபாளத்துக்கும் நடுவே உப்பும் தானியமும் சுமந்து வியாபாரம் செய்தார்கள். கணவாயே 5700 மீட்டர். சோ ஓயுவுக்கு வலது பக்கம் கியாசுங் காங், 7952 மீட்டர். நாற்பத்தெட்டு மீட்டர் குறைந்ததால் 8000 பட்டியலில் இடம் கிடைக்காமல் போன மலை, அதனாலேயே யாரும் பெயர் சொல்வதில்லை. எங்கள் விமானத்தில் கொடுத்த அட்டையில் பெயர் இருந்தது, பணிப்பெண் அதைத் தாண்டிப் போய்விட்டார்.

இனி எவரெஸ்ட். எதிர்பார்ப்போடு போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். தெற்கிலிருந்து பார்க்கும்போது முன்னால் நுப்ட்சே என்ற மலையிலிருந்து லோட்சே வரை 7500 மீட்டருக்கும் மேலே ஒரே சுவராகப் போகிறது, அதன் பின்னால் எவரெஸ்டின் மேல்பகுதி மட்டும் கறுப்பாக ஒரு முக்கோணமாக எட்டிப் பார்க்கிறது. உயரமான கோயில் மதிலுக்கு வெளியே நின்றால் கோபுரத்தின் மேல்நிலை மட்டும் தெரியுமே, அப்படி. சுற்றி இருப்பதெல்லாம் வெள்ளையாக இருக்க இது மட்டும் ஏன் கறுப்பு என்று பலரும் கேட்டார்கள். அவ்வளவு உயரத்தில் வீசும் காற்று பனியைத் தங்க விடுவதில்லை, செங்குத்தான பாறை வெளியே தெரிகிறது. உச்சியிலிருந்து கிழக்கே வெள்ளையாக ஒரு கொடி பறப்பதுபோல் தெரிந்தால் அந்தக் காற்றுதான் பனித்துகளை இழுத்துக்கொண்டு போகிறது. அடையாளம் கண்டுபிடிக்க இதுவே எளிய வழி. உச்சிக்குச் சற்றுக் கீழே மங்கலான மஞ்சள் பட்டை ஒன்று குறுக்கே ஓடும், வெளிச்சம் சரியாக இருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். அதற்கு மேலே உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல், கடலடியில் படிந்தது. அதற்குள் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் இருக்கின்றன. இந்தியா அமர்ந்திருக்கும் நிலத்தட்டு ஆசியாவை முட்டித் தள்ளியதில் கடல் தரை ஒன்பது கிலோமீட்டருக்கு அருகே மேலே வந்து நிற்கிறது. அதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம் என்ற நினைப்பே எனக்குக் கண்ணில் நீர் வரவைத்துவிட்டது.

இன்னொரு விஷயம், இது தமிழ்நாட்டுக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்த மலையை அளந்த வேலை ஆரம்பித்தது சென்னையில். 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே நிலத்தில் ஒரு நேர்கோட்டை அளந்து தொடங்கிய முக்கோண நில அளவைதான் அப்படியே வளர்ந்து வளர்ந்து இமயத்தின் அடிவாரம் வரை போனது. நடுவில் 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் கருவி அடிபட்டது, அதைச் சரிசெய்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நேபாளம் உள்ளே விடாததால் நூறு மைலுக்கு மேல் தள்ளி இந்தியச் சமவெளியில் நின்று கோணம் எடுத்தார்கள். அந்தக் கணக்கைப் போட்டு, பதினைந்தாம் எண் சிகரம் என்று குறித்து வைத்திருந்ததுதான் எல்லாவற்றையும்விட உயரம் என்று கண்டவராக அறியப்படுபவர் ராதாநாத் சிக்தர் என்ற வங்காளி. 1856-ல் வெளியிட்ட உயரம் 29,002 அடி. இன்று செயற்கைக்கோள் வைத்து நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020 டிசம்பரில் அறிவித்தது 8848.86 மீட்டர், அதாவது சுமார் 29,032 அடி. அத்தனை தூரத்திலிருந்து அளந்ததில் வித்தியாசம் முப்பது அடிதான். அதுவரை உலகிலேயே உயரம் என்று நம்பியிருந்த காஞ்சன்ஜங்கா அன்றைக்குக் கீழே இறங்கியது.

எவரெஸ்டின் வலது பக்கம் ஒட்டி நிற்கும் லோட்சேயைத் தனி மலை என்றே பலருக்குத் தெரிவதில்லை. இரண்டையும் 7900 மீட்டர் உயரத்தில் ஒரு தாழ்வு இணைக்கிறது, டென்சிங்கும் ஹிலாரியும் 1953-ல் அந்த வழியாகத்தான் போனார்கள். கொஞ்சம் கிழக்கே, சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி, மக்காலு. நான்கு பக்கமும் செதுக்கி வைத்த கூம்பு, தனியாக நிற்கிறது. மலை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல வைக்கிற மலை. விமானம் திரும்பத் தொடங்குவது ஏறக்குறைய இந்த நேரத்தில்தான், எல்லோரும் எவரெஸ்டைப் படமெடுத்த களைப்பில் கேமராவை வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள்.

எட்டிப் பார்ப்பது என்றேன் அல்லவா, அதில் ஒரு விளக்கம். பெரும்பாலும் இதற்கு ஓடுவது ஏடிஆர் 72 போன்ற விசிறி விமானங்கள். அதன் உச்சவரம்பே 25,000 அடி, அதாவது 7600 மீட்டர் சொச்சம். எனவே எவரெஸ்டை மேலிருந்து பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அதன் உச்சி நம் விமானத்தைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும். விமானத்தில் பறந்துகொண்டே ஒரு மலையை அண்ணாந்து பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. எனக்கு இது குறையாகப் படவில்லை, அந்த உயரத்தின் அர்த்தமே அப்போதுதான் புரிந்தது.

இப்போது சீட். ஜன்னல் சீட் மட்டும்தான் விற்கிறோம் என்பது பொய்யில்லை, எல்லோருக்கும் ஜன்னல் கிடைக்கிறது. ஆனால் எல்லா ஜன்னலும் ஒன்றல்ல. ஏடிஆரில் இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்கத் தடையில்லை, அது நல்லது. அதே சமயம் எஞ்சினும் விசிறியும் முன்பாதி வரிசைகள் சிலவற்றுக்கு நேராக வரும். அங்கே உட்கார்ந்தால் எல்லாப் படத்திலும் விசிறி. பின்பக்க வரிசைகளைக் கேளுங்கள். போர்டிங் பாஸ் தருகிற இடத்திலேயே, பணிவாக ஆனால் விடாமல் கேளுங்கள், காலையில் முதலில் போய் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும். இடதா வலதா என்றால், போகும்போது இடது, வரும்போது வலது, இரண்டு பக்கத்துக்கும் மலை கிடைக்கும். நான் இடதுதான் சொல்வேன், சின்ன மலையில் தொடங்கி எவரெஸ்ட் வரை வரிசையாக ஏறிக்கொண்டே போவது மனத்தில் நிற்கும். வலது பக்கம் உட்கார்ந்தவர்கள் பாதி நேரம் காத்திருந்து, திரும்பியதும் நேராக எவரெஸ்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

நான் போன நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. நல்லது இரண்டு. ஒவ்வொருவராகக் காக்பிட் வாசல் வரை கூப்பிட்டு முன் கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். அங்கே நின்ற சில வினாடிகளுக்கு மட்டுமே தனியாகக் காசு கொடுக்கலாம், முழு மலைத்தொடரும் ஒரே பார்வையில் விரிகிறது. விமானிகளும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். கெட்டது என்று பார்த்தால், ஜன்னல் கண்ணாடி. மலையைக் காட்டுவதற்கென்றே ஓட்டுகிற விமானத்தில் என் ஜன்னல் முழுக்கக் கீறல், வெயில் பட்டதும் மலைக்கு முன்னால் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது. இதை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை. அப்புறம் சிகரப் பட அட்டை: போகும் வழிக்கு மட்டும் வரைந்திருக்கிறார்கள், மேற்கிலிருந்து கிழக்கு. திரும்பும்போது வலது பக்கத்தில் இருப்பவர்களுக்கு மலைகள் எதிர்வரிசையில் வருகின்றன, அட்டையைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பின்னால் இருந்த ஒரு பெரியவர் மக்காலுவைச் சோ ஓயு என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார், நான் எழுந்து போய்ச் சொல்லிக் கொடுத்தேன். அறிவிப்பு ஆங்கிலத்தில், விரைவாக, எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்காமல். இவ்வளவு கட்டணம் வாங்கும் சேவையில் மலைகளைத் தெரிந்த ஒருவர் நடையில் நின்று நிதானமாகச் சொன்னால் என்ன? இறங்கும்போது கொடுத்த சான்றிதழுக்குச் செலவழித்ததைக் கண்ணாடிக்குச் செலவழித்திருக்கலாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான விமர்சனமாக இருக்காது. 2011 செப்டம்பர் 25 அன்று எவரெஸ்டைக் காட்டிவிட்டுத் திரும்பிய சிறிய விமானம் ஒன்று காத்மாண்டில் இறங்கும் நேரத்தில் மேகமூட்டத்தில் மலைமேல் மோதி, உள்ளே இருந்த 19 பேரும் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் திருச்சியிலிருந்து போனவர்கள். நேபாள விமான நிறுவனங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் தன் வான்வெளித் தடைப் பட்டியலில் சேர்த்தது. இதைத் தெரிந்துகொண்டு போவதா வேண்டாமா என்று அவரவர்தான் முடிவெடுக்க வேண்டும். நான் தெரிந்துகொண்டுதான் போனேன். நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றுதான், மேகம் இருந்தால் போகாதே. வானிலை சரியில்லை என்று ரத்து செய்தாலோ தாமதப்படுத்தினாலோ கவுண்டரில் சண்டை போடாதீர்கள். எங்களோடு காத்திருந்த ஒரு குழு "எங்களுக்கு மத்தியானம் பஸ் இருக்கு" என்று கத்திக்கொண்டிருந்தது, கேட்கவே பயமாக இருந்தது. ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா, மறுநாள் இடம் தருவார்களா என்று டிக்கெட் வாங்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காத்மாண்டை விட்டுக் கிளம்பும் நாளில் இதை வைத்துக்கொள்ளவே கூடாது, முதல் நாளிலேயே வைத்தால் கையில் ஒன்றிரண்டு நாள் மிச்சம் இருக்கும்.

மாதம் என்றால் அக்டோபர், நவம்பர். மழை ஓய்ந்து தூசி அடங்கியிருக்கும். டிசம்பர், ஜனவரியில் மேலே தெளிவாக இருந்தாலும் காத்மாண்டு பள்ளத்தாக்கில் காலை மூடுபனி விமானத்தைக் கிளம்ப விடாது. மார்ச், ஏப்ரலில் பார்க்கலாம், புகைமூட்டம் சேர்ந்துகொள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், அப்போது யாராவது தள்ளுபடி என்று கூப்பிட்டாலும் வேண்டாம். எந்த மாதமானாலும் காலை முதல் விமானம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குகளிலிருந்து மேகம் எழும்பி மலையைப் பிடித்துக்கொள்ளும்.

டிக்கெட்டை ஹோட்டல் மூலமாக வாங்கினால் இடையில் ஒருவர் தன் பங்கைச் சேர்த்துக்கொள்வார், இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்தியர் கட்டணத்துக்கு அடையாள அட்டை காட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து நேபாளத்துக்கு விமானத்தில் போகவே பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், அதையே கையில் வைத்திருங்கள்.

முக்திநாத்தும் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த விமானம் கிழக்கே மட்டும்தான் போகிறது, மேற்கில் இருக்கும் மனாஸ்லு, அன்னபூர்ணா, தவளகிரி மூன்றும் 8000 மீட்டரைத் தாண்டியவை, இதில் அவற்றுக்குப் பக்கத்தில் போக மாட்டீர்கள். அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை, உங்கள் யாத்திரைப் பாதையிலேயே வருகின்றன. காத்மாண்டிலிருந்து பொக்காராவுக்கு விமானத்தில் போனால் வலது பக்கம் உட்காருங்கள், மனாஸ்லு வரும். பொக்காராவிலிருந்து ஜோம்சோம் போகும் குட்டி விமானம் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, இடது பக்கம் தவளகிரி, வலது பக்கம் அன்னபூர்ணாவும் நீலகிரியும் நிற்க நடுவில் போகிறது. ஆம், அங்கேயும் ஒரு நீலகிரி இருக்கிறது, 7061 மீட்டர், ஜோம்சோமில் இறங்கியதும் தலைக்கு மேலேயே நிற்கும்.